பவளத் தொட்டியும் ஆப்ப சோடாவும்



ஆப்ப சோடா இரண்டு கிலோ கேட்டு ஒருவர் வந்தால் பஜ்ஜிக் கடைக்காரர் என்று நினைப்போம். அண்மைக் காலமாக அப்படிக் கேட்பவர்களில் சிலர் கூடவே கால்சியம் குளோரைடு கிடைக்குமா என்றும் விசாரிக்கிறார்கள். இவர்கள் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் இப்போது கடல் மீன்களும் விற்பனையாகின்றன. நம்மவர்களிலும் சிலர் கடை முகப்பில் இத்தகைய தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள். சில்லறை வியாபாரிகள் பலர் என்னிடம் இது பற்றி விவரம் கேட்டதால், படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்தேன் என்று யாராவது ஒரு துண்டைக் காட்டினால் வாங்காதீர்கள். எடுப்பவர், விற்பவர், வைத்திருப்பவர் எல்லோருக்கும் தண்டனை உண்டு. வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னாலும் உரிய அரசு அனுமதிப் பத்திரங்கள் இல்லாமல் தொடக்கூடாது. பில் இல்லாத சரக்கின் ஆபத்து நமக்குப் புதிதல்ல. பவளம் வளர்க்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில், பண்ணையில் ஒட்டி வளர்த்த துண்டுகளையே விற்கிறார்கள். அங்கே வசிக்கும் நம் பிள்ளைகளுக்கும், இங்கே கடல் மீன் மட்டும் வைப்பவர்களுக்கும் தண்ணீர்ப் பாடம் ஒன்றுதான்.

கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா? ஆகாது. உப்பு வியாபாரம் செய்யும் நமக்கு இது எளிதில் விளங்கும். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அடுத்து ஜிப்சம். அதற்குப் பிறகுதான் நம் உப்பு. மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் மிச்சமாக வெளியே போகிறது. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் இப்படிப் பிரிந்து போய்விடுவதால், உப்பளத்து உப்பு அதற்கு உதவாது. கடல் தொட்டிக்கென்றே தயாரித்த உப்புக் கலவைதான் வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். கரைக்கும் நீர் ஆர்.ஓ. நீராக இருப்பது நல்லது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களை அருகில் கொண்டுவரக் கூடாது. செம்பு சிறிதளவு கலந்தாலும் பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். தொட்டியில் வற்றுவது தண்ணீர் மட்டுமே, உப்பு வற்றுவதில்லை. ஆகவே வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

தொட்டி நிரப்பிய மறுநாள் தண்ணீர் பளிங்கு போல் தெரியும். ஏமாறுவது இங்கேதான். எங்கள் வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் திறப்பு விழாவுக்காக மூன்றாம் நாளே பத்துக் கடல் மீன்களை விட்டார். விழா முடிந்த வாரத்துக்குள் அத்தனையும் செத்து மிதந்தன. தண்ணீரில் கெடுதல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்குத் தீனியாக ஒரு சிறு இறால் துண்டைப் போட்டுவிட்டுச் சோதனைப் பெட்டியால் பார்த்து வரவேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாக நிற்கும் வரை உயிர் எதையும் விடக்கூடாது. இடையில் பழுப்புப் பாசியும், பின்னர் பச்சைப் பாசியும் வரும். அதைப் பார்த்துத் தொட்டியைக் கலைத்துக் கழுவினால் மறுபடியும் முதல் நாள்தான்.

இனி நம் சரக்கு. பவளம் தன் எலும்புக்கூட்டைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. அதற்குக் கால்சியமும் கார்பனேட்டும் தண்ணீரிலிருந்து போகின்றன. இயற்கைக் கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம், மெக்னீசியம் சுமார் 1,300. காரத்தன்மை ஜெர்மன் அளவில் ஏறத்தாழ 7 டிகிரி. தொட்டியில் 7 முதல் 9 வரை இருக்கலாம். எந்த எண் என்பதைவிட அது நாளுக்கு நாள் ஆடாமல் நிற்பதே முக்கியம். குறைந்த காரத்தன்மையை ஏற்றத்தான் ஆப்ப சோடா. 200 லிட்டரில் ஒரு டிகிரி ஏற்ற 6 கிராம் போதும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது.

பவளம் இந்த இரண்டையும் ஒரு விகிதத்தில்தான் எடுக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவானால் காரத்தன்மை 2.8 டிகிரி இறங்கும். 200 லிட்டருக்கு அதை ஈடுகட்ட சுமார் 15 கிராம் கால்சியம் குளோரைடும் சுமார் 17 கிராம் ஆப்ப சோடாவும் வேண்டும். இரண்டையும் ஒரே டம்ளரில் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்து சுண்ணாம்பாய் அடியில் தங்கும். தனித்தனியாகக் கரைத்து, இடைவெளி விட்டு, சிறிது சிறிதாக நாள் கணக்கில் விடவேண்டும்.

இங்கே நம் பொறுப்பும் இருக்கிறது. ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு, சலவை சோடா வேறு. பேக்கிங் பவுடரில் புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடா காரம் மிகுந்தது, அதே அளவு போட்டால் தண்ணீரை முறித்துவிடும். பையன் அவசரத்தில் மாற்றிக் கட்டிக் கொடுத்தால் வாடிக்கையாளரின் தொட்டி ஒரே இரவில் போய்விடும். பொட்டலத்தின் மேல் பெயரை எழுதிக் கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீர் விடும் முறை ஒன்று உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதற்குச் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் புதுத் தொட்டிக்காரருக்குச் சோடாவே தேவையில்லை. இரண்டு மூன்று சிறு பவளம் உள்ள தொட்டியில் செலவு மிகக் குறைவு. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாலே உப்புக் கலவையிலிருந்து எல்லாம் ஈடாகிவிடும். இருப்புப் பார்க்காமல் கொள்முதல் செய்வதுபோல, சோதிக்காமல் மருந்து ஊற்றுவோர்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

பவளம் வைப்பது இரண்டு மூன்று மாதம் தண்ணீர் நிலையாக நின்ற பிறகு. காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான வகைகளில் ஒன்றிரண்டை முதலில், வெளிச்சம் குறைந்த அடிப்பகுதியில் வைக்க வேண்டும். சோவாந்திட் என்ற பூப்போன்ற வகையில் சிலவற்றில் கடும் நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடவோ, வெந்நீர் ஊற்றிப் பாறையைக் கழுவவோ கூடாது. மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்ரோபோரா எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு ஒரு வருடம் காத்திருப்பவர் புத்திசாலி.

வெப்பம் 25, 26 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. 30-ஐத் தாண்டி நீடித்தால் பவளம் தன் உடலில் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவிலேயே இப்படி வெளுத்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமல் முடியாது. மின்வெட்டு நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.