நாளைக்கும் சோறு உண்டு

கோவில்பட்டி

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே உங்கப்பா முட்டிவலி என்று புலம்பிக்கொண்டே தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறார். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உங்கம்மா, என் மதினி, எல்லாம் சொன்னார்கள். கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக வந்ததாம், எடை 84 கிலோவாம். அன்றைக்கே அரிசியை அடியோடு விட்டுவிட்டாயாமே. காலையில் ஒன்றும் கிடையாது, மதியம் வெள்ளரிக்காயும் முட்டையின் வெள்ளைக்கருவும், ராத்திரி ஏதோ பவுடரைக் கரைத்து ஒரு டம்ளர். மூன்று மாதத்தில் 15 கிலோ குறைக்கப்போவதாகச் சபதம் வேறு. மதினிக்கு இதில் பெருமை பாதி, கவலை பாதி. எனக்கு முழுக்கக் கவலைதான். ஏனென்றால் உன் தங்கச்சி இன்னொன்றும் சொன்னாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராத்திரி 11 மணிக்கு மேல் போனில் பிரியாணி வரவழைத்து, கூட ஒரு பரோட்டா செட்டும் வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாயாம். மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினியாம். சொல்லிவிட்டாள் என்று அவளைத் திட்டாதே. கவலைப்பட்டுத்தான் சொன்னாள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தே உத்தியோக காலத்தைக் கழித்தவள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த கொஞ்ச நாளில் அமைப்பாளராகச் சேர்ந்தேன். சத்துணவு மையத்தில் எல்லாமே அளவுதான். சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்குத் தக்க பருப்பு, எண்ணெய், காய். அத்தனையும் இருப்புப் பதிவேட்டில் ஏறவேண்டும். ஆனால் பதிவேட்டில் ஏறாத ஒன்றை வருஷா வருஷம் பார்த்தேன். கோடை லீவு முடிந்து ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் சில வாரம் சில பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க முடியாது. மெல்லாமல் விழுங்குவார்கள். தட்டில் இருக்கும்போதே கண் அண்டாவின் மேல் இருக்கும். வயிறு முட்டிய பிறகும் மறுசோறு கேட்பார்கள். சமையல்காரம்மா "பேராசை பிடிச்சதுக" என்பாள். ஆகஸ்ட் வரட்டும் என்பேன் நான். ஆகஸ்டில் அதே பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிடுவார்கள், தட்டில் கொஞ்சம் மிச்சம்கூட வைப்பார்கள். யாரும் அவர்களுக்கு அடக்கம் சொல்லித்தரவில்லை. நாளைக்கும் மணி அடித்ததும் சோறு வரும் என்று அவர்கள் வயிறு நம்பத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

வளர்ந்த ஆட்களுக்கும் இதுதான் விதி என்று பிற்பாடு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். இரண்டாம் உலகப் போர் முடியப்போகிற சமயம், 1944-45-ல், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள், எல்லோரும் திடகாத்திரமானவர்கள், தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரிபோலக் கொடுத்தார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. அதைவிட முக்கியம், புத்தி முழுக்கச் சாப்பாட்டிலேயே போய் நின்றது. அதுவரை அடுப்படிப் பக்கமே போகாதவன் சமையல் புத்தகம் சேர்த்தான். தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து, இஷ்டப்படி சாப்பிடலாம் என்று விட்டபோது, வயிறு கொள்ளாத அளவு தின்றும் அடங்காதவர்கள் இருந்தார்கள். ஒருத்தரும் தின்னிப்பண்டாரம் இல்லை. உன் கைப்பேசியில் இருக்கிற டயட் அட்டவணையில் ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று போட்டிருக்கிறதாம். பஞ்சத்தைப் படிக்க நடத்திய சோதனையில் கொடுத்ததைவிடக் குறைவு அது.

ஆகையால் அந்த 11 மணிப் பிரியாணியை நினைத்து வெட்கப்படாதே. பகலெல்லாம் நீ பட்டினி போட்ட உடம்பு ராத்திரியில் வந்து வட்டியோடு வசூல் செய்கிறது. பகல் பட்டினியை நிறுத்தாமல் ராத்திரித் தீனியை நிறுத்த முடியாது.

"எனக்கு வாய்க்கட்டு இல்லை அத்தை" என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. அதில் நம் மாநிலத்தில் 2015-16-ல் எடை மிகுந்த பெண்கள் 100-க்கு 31 பேர், ஆண்கள் 28 பேர். 2019-21-ல் பெண்கள் 40, ஆண்கள் 37. நாலைந்து வருஷத்துக்குள் இத்தனை லட்சம் பேருக்கு ஒரேயடியாகவா வாய்க்கட்டு விட்டுப்போயிற்று? மாறியது மனிதர்களின் குணமில்லை. சாப்பாடும், அது வந்து சேருகிற விதமும், உட்கார்ந்து பார்க்கிற வேலையும்தான்.

நம் வீட்டுப் பழக்கத்தையும் சொல்லவேண்டும். நம்முடையது கரிசல் பூமி. உன் ஆச்சி காலத்தில் கம்மஞ்சோறும் சோளச்சோறும்தான் தினப்படி. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும், இல்லை விருந்தாளி வந்தால். அப்படி வளர்ந்தவர்கள் பிள்ளை வட்டிலில் வெள்ளைச் சோற்றைக் குவித்துப் பார்ப்பதில் ஒரு ஜென்மச் சந்தோஷம் இருந்தது. "இன்னும் ஒரு கரண்டி" என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கொஞ்சல். வட்டிலைக் காலி செய்யாமல் எழுந்தால் அடி விழும். அந்தப் பழக்கம் நியாயமானது. அது பிறந்த காலத்துக்கு நியாயமானது. இன்றைக்குச் சோறு வாரத்துக்கு ஏழு நாளும் இருக்கிறது. ஆனால் உங்கம்மா கை இன்னும் ஆச்சியின் அளவில்தான் போடுகிறது, உன் கையும் வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. பழிக்க இதில் யாருமில்லை. ஊருக்கு வரும்போது சோற்றைக் குறைத்துப் போடச்சொல்லி முதலிலேயே வாங்கிக்கொள். போட்ட பிறகு மிச்சம் வைத்தால் மதினிக்கு மனசு தாங்காது.

சரி, என்ன செய்வது? முதல் வேலை, அரிசியைத் திரும்பக் கொண்டுவா. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரிக்கான ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் தானியம் 250 கிராம் உண்டு. ஆனால் காய்கறியும் கீரையும் 400 கிராம்! பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்ந்து 85 கிராம். நம் வட்டிலை நினைத்துப் பார். மலைபோலச் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு விரல் பொரியல். இதைத் தலைகீழாக மாற்றவேண்டும். முதலில் வெஞ்சனத்தை வை, கீரைக் கடைசலோ, அவரைக்காயோ, பூசணிக் கூட்டோ, பாதி வட்டில் நிறைய. மிச்சப் பாதியில் சோறும் பருப்பும், முட்டையோ மீனோ. மதியம் 1 மணிக்கு இப்படிச் சாப்பிட்டவனுக்கு ராத்திரி 11 மணிக்குப் பேய் பிடிக்காது. ஆபீஸ் விஷயமாக அமெரிக்காக்காரனோடு பேசுகிற கால் ராத்திரி 9 மணிக்கு என்றால் 8 மணிக்குள் இரண்டு சப்பாத்தியோ தோசையோ பருப்போடு சாப்பிட்டுவிட்டு உட்கார். கால் முடியட்டும் என்று காத்திருக்காதே.

அடுத்தது எண்ணெய். நீங்கள் மூன்று பேர் தங்கியிருக்கிற வீட்டில் மாதம் ஒரு 5 லிட்டர் டின் காலியாவதாகச் சொன்னாய். அப்போதே எனக்குத் திக்கென்றது. அந்த வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய்தான். மாதத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. உங்களுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்கு வருகிறது. அந்த மிச்ச எண்ணெய் மட்டும் மாதம் 6,000 கலோரிக்கு மேல். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, நீயே வகுத்துப் பார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் 100 கிராம் வெந்த சோறும் கலோரியில் ஏறத்தாழ ஒன்று; சோற்றைக் கண்டு நடுங்குகிறவன் கத்திரிக்காய் வதக்கலில் மிதக்கிற எண்ணெயைக் கண்டுகொள்வதில்லை. சமைக்க வருகிற அக்காவிடம் குறைத்து ஊற்றச் சொன்னால் தலையாட்டிவிட்டு ஊற்றத்தான் செய்வார். 3 லிட்டர் மட்டும் வாங்கி வை, மாதம் முடிகிறவரை இதுதான் என்று சொல். மையத்தில் நான் அப்படித்தான் நடத்தினேன். ருசி குறைந்தது என்று ஒரு பிள்ளையும் சொன்னதில்லை.

டீயைப் பற்றி நீளமாக எழுதவேண்டாம். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் நாளுக்கு 50 கிராம், 200 கலோரி. இரண்டு டீயாக்கு, சீனியை அரைக்கு அரையாகக் குறை. நாக்கு சில வாரத்தில் பழகிவிடும்.

மதினி அனுப்புகிற சாத்தூர் சேவையும் கடலைமிட்டாயையும் குப்பையில் போடாதே, அறை நண்பர்களுக்கு மொத்தமாகத் தாரை வார்க்கவும் வேண்டாம். இது கூடாது என்று ஒன்றை ஒதுக்கி வைத்தால் அதுதான் நடுராத்திரியில் கூப்பிடும். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து தின்னு. பாக்கெட்டுக்குள் கைவிட்டுத் தின்றால் அடி தெரிகிறவரை நிற்காது. கடையில் விற்கிற பாக்கெட் தீனிக்கு நான் இந்தச் சலுகை தரமாட்டேன். 2019-ல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய சாப்பாடு, இரண்டு வாரம் வீட்டுப்பக்குவச் சாப்பாடு என்று மாற்றிக் கொடுத்தார். இரண்டும் வேண்டுமட்டும் சாப்பிடலாம். ஆலைச் சாப்பாட்டில் ஆளுக்குத் தினமும் சராசரி 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், எடையும் கூடியது. வேகமாகவும் தின்றார்களாம். என் ஜூன் மாதப் பிள்ளைகள்தான் ஞாபகம் வந்தார்கள். வயிறு நிறைந்த சேதி தலைக்குப் போய்ச்சேரச் சுமார் 20 நிமிஷம் ஆகிறது. நீ போனைப் பார்த்துக்கொண்டே 6 நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய். போனை வேறு அறையில் வை.

சிறுதானியத்துக்கு மாறப்போவதாகவும் சொன்னாயாம். தாராளமாகச் சாப்பிடு, நல்லது. ஆனால் 100 கிராம் கேழ்வரகும் கம்பும் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய அண்ணன் தம்பிதான். கம்மஞ்சோறு தின்ற தாத்தா ஒல்லியாக இருந்தது கம்பினால் மட்டுமில்லை. விடிந்தால் அடைந்தால் காட்டில் கிடந்தார். வாரம் ஒரு ஊசி போட்டு உன் நண்பன் இளைத்தானே, அவனைக் கேலி செய்யாதே. சிலருக்கு அது தேவைப்படுகிற மருந்துதான். டாக்டர் சொன்னால் யோசிக்கலாம். ஆனால் ஊசியை நிறுத்தியதும் குறைந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பிவிடுகிறது என்று ஆராய்ச்சியே சொல்கிறது. எப்படியும் சாப்பிடுகிற பழக்கத்தைத் திருத்தத்தான் வேண்டியிருக்கும்.

15 கிலோ என்கிற சபதத்தை விட்டுவிடு. எடையில் 100-க்கு 7 முதல் 10 பங்கு குறைந்தாலே கல்லீரல் நன்றாகத் தேறும் என்கிறார்கள். உன் கணக்குக்கு 6 முதல் 8 கிலோ. வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும், சில வாரம் முள் அசையாது, அசையாத வாரத்திலும் மதியச் சாப்பாடு நிற்கக்கூடாது. மிஷினில் தினமும் ஏறாதே. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து மாதம் ஒருமுறை இடுப்பைப் பார். நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது கணக்கு. ஒல்லியாகத் தெரிகிற நம்மவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு உண்டு. புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் தங்களையே அளந்து பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் 22.3 என்று அச்சாக ஒன்று. உடம்புக் கொழுப்போ வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2!

நான் எழுதியதில் பாதியை மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதே. என்றைக்காவது ராத்திரி அந்தப் பிரியாணியைத் தின்றே தீருவாய். தின்றுவிட்டுப் போ. கதவைச் சாத்தாமல், நண்பர்களோடு உட்கார்ந்து தின்னு. மறுநாள் காலை வழக்கம்போல நாலு இட்லி, சாம்பார். பட்டினி போட்டுக் கணக்கை நேர்செய்யப் பார்க்காதே. அந்தக் காலை இட்லியை நீ தள்ளினால் அடுத்த பிரியாணிக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்தமாதிரி.

மதினியிடம் நான் பேசிவிட்டேன். பொங்கலுக்கு நீ வரும்போது "என் பிள்ளை துரும்பா இளைச்சிட்டானே" என்று அழமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடு, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கும் போட்டோ எடுத்து அனுப்பு. எண்ணெய் 3 லிட்டரில் எத்தனை தேதிக்கு முடிந்தது என்பதை மட்டும் இந்த மாதக் கடைசியிலேயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அத்தை