கூரை நீரும் கூட்டுறவும்

பள்ளமான நிலங்களில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்துவதைப் புறநானூற்றின் 18ஆம் பாடலில் காண்கிறோம். அன்று மன்னனுக்குரிய அக்கடமை இன்று ஒவ்வோர் இல்லத்தார்க்கும் உரியதாயிற்று.

தமிழக அரசு 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிகளுக்குக் காத்து நின்றனர். சட்டம் குழாயைப் பொருத்தலாம்; அதைப் பேண வேண்டியவர் நாமே.

கணக்கொன்று காண்போம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் அது 1,40,000 லிட்டராகும். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் எஞ்சுவது 1,12,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கொண்டால், ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஐந்து மாதங்களுக்கு மேல் போதும்.

முதல் மழைநீரை வெளியேற்றிவிட்டு, அடுத்து வருவதை மணலும் சரளையும் இட்ட வடிகட்டி வழியே தொட்டியிலோ கிணற்றிலோ சேர்த்தல் வேண்டும். செலவை அறிய நீர்மானி உதவும்.

எனினும், நிலத்தடி நீர் மதிற்சுவரை அறியாது. ஒருவர் சேர்த்தது அடுத்தவர் கிணற்றிலும் ஊறும். ஒருவர் அளவின்றி இறைத்தால் தெருவே வறளும். ஆகவே, புரட்டாசி முடிவதற்குள் தெருவார் ஒன்றுகூடி வடிகட்டிகளையும் வடிகால்களையும் தூய்மை செய்தல் நன்று. மாணவர்கள் தத்தம் தெருவில் இப்பணியைத் தொடங்குவார்களாக. பெரியோர் துணை நிற்பார்களாக.