தகிட தகதிமியைத் தாளில் எழுத… அக்காவின் 5 டிப்ஸ்

வாயில் சரளமாக வருகிற சொற்கட்டை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறதா தங்கச்சி? முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்: மாறுவது தாளமா, நடையா, காலப்பிரமாணமா? மூன்றுக்கும் தனித்தனி எழுத்துமுறை உண்டு.

1. தாளம் மாறினால் டைம் சிக்னேச்சர்: மிஸ்ர சாபுவை 7/8 என்று எழுதலாம். ஏழு குவேவரையும் ஒரே பீமில் கோத்துவிடாதே. 3+2+2 என்று பிரித்துக் கட்டு. தகிட, தக, திமி கண்ணுக்கே தெரியும். கண்ட சாபு என்றால் 5/8, பிரிப்பு 2+3. பேலா பார்டோக் 'மைக்ரோகாஸ்மாஸ்' தொகுப்பின் 153-ஆம் துண்டில், மேலே 3+3+2, கீழே 8 என்று டைம் சிக்னேச்சரிலேயே பிரிப்பைக் காட்டியிருக்கிறார். நீயும் அப்படிப் போடலாம்.

2. நடை மாறினால் டியூப்லெட்: ஆதி தாளத்தில் கண்ட நடையை நான் ஒருமுறை 5/8 என்று எழுதிக் கொடுத்தேன். வயலின்காரர்கள் ஒவ்வொரு குவேவரையும் எண்ண, தாளமே கரைந்துபோனது. அட்சரம் மாறவில்லையே! 4/4-லேயே வைத்து, ஒரு குரோட்சட்டுக்குள் ஐந்து செமிகுவேவர் எழுதி, மேலே 5 போட்டிருக்க வேண்டும். திஸ்ர நடை பாட்டு முழுக்க வந்தால் மட்டும் 12/8-க்கு மாறிவிடு. பக்கம் முழுக்க 3 போட வேண்டாம்.

3. வேகம் மாறினால் வார்த்தை: முடிவில் பாட்டு இயல்பாகத் தளர்ந்தால், அதை அளந்து 7/8, 9/8 என்று எழுதாதே. 'ரிட்.' போடு, பழைய வேகத்துக்குத் திரும்பும் இடத்தில் 'ஆ டெம்போ' போட மறக்காதே. 2/4-லிருந்து 6/8-க்குப் போகும்போது, குவேவரின் நீளம் அப்படியே இருக்கிறதா, அல்லது குரோட்சட் இப்போது புள்ளி வைத்த குரோட்சட்டுக்குச் சமமா என்று பார் கோட்டுக்கு மேல் எழுது. இல்லையென்றால் ஆளுக்கொரு வேகத்தில் போவார்கள்.

4. தட்டு தெரியட்டும்: 4/4-ல் எதிரெடுப்பாக வரும் ஸ்வரம் மூன்றாம் தட்டைத் தாண்டி நீண்டால், இரண்டாகப் பிரித்து டை போட்டு இணை. தட்டு எங்கே விழுகிறது என்று வாசிப்பவர் தேடக் கூடாது.

5. கடைசியாக: அந்தப் பாட்டைக் கேட்டே இராத ஒருவரிடம் தாளைக் கொடுத்துத் தட்டச் சொல். அவர் தயங்கும் பாரை மட்டும் திருத்து. உன் கணக்கு சரியா என்பதைவிட, அவர் கை தயங்காமல் போகிறதா என்பதுதான் முக்கியம்.