கேக்கின் மேல் கண்ணைப் பறிக்கும் வண்ணம்



சென்ற ஆண்டு என் தங்கையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கேக் செய்தேன். கேக் நன்றாக வெந்திருந்தது. அதன் மேல் இரத்தச் சிவப்பில் ரோஜாப்பூக்கள் வைக்க ஆசைப்பட்டேன். வெண்ணெய் ஐசிங்கில் திரவக் கலரைச் சொட்டுச் சொட்டாகவும், பின்னர் பொறுமையிழந்து கரண்டி கரண்டியாகவும் ஊற்றினேன். ஐசிங் திரிந்த பால்போல் ஆயிற்று. நிறமோ இளஞ்சிவப்பைத் தாண்டவில்லை. உடனே அடுக்களையில் கிடந்த ஒரு சிவப்புப் பொடியைக் கொட்டினேன். நிறம் வந்துவிட்டது! அப்போது பாட்டி, "இது எந்தக் கடைப் பொடி, கண்ணு? பொட்டலத்தில் பேரே இல்லையே?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. ஐசிங் முழுவதையும் வழித்தெறிந்துவிட்டு வெறும் கேக்கையே பரிமாறினோம். அன்று ஏற்பட்ட வெட்கமே இப்பாடத்தைக் கற்கத் தூண்டியது.

நிறம் ஏன் வெளிறுகிறது?

முதற் காரணம் கொழுப்பு. கடைகளில் கிடைக்கும் உணவுக் கலர்களில் பெரும்பாலானவை நீரில் கரைபவை. வெண்ணெயிலோ கொழுப்பே மிகுதி. ஆகவே சாயம் எளிதில் பரவுவதில்லை. திரவக் கலரை அதிகம் ஊற்றினால் நீர் கூடி, கொழுப்பும் நீரும் பிரிந்துவிடுகின்றன.

இரண்டாவது காரணம் காற்று. நீலச் சோப்பைத் தேய்த்தாலும் நுரை வெள்ளையாகத்தானே இருக்கிறது? நுரையிலுள்ள நுண்ணிய குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதே அதற்குக் காரணம். நன்றாக அடித்த ஐசிங்கிலும் இவ்வாறே நிறம் வெளிறித் தோன்றுகிறது.

மூன்றாவது, வெண்ணெயின் சொந்த நிறம். பசு வெண்ணெயில் கரோட்டின் இருப்பதால் அது மஞ்சளாக இருக்கும். நீலக் கலரைச் சேர்த்தால் பச்சை தட்டும். எருமை வெண்ணெய் வெண்மையானது; நீலத்திற்கும் ஊதாவுக்கும் அதுவே ஏற்றது.

தேவையான பொருள்கள்

உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சலித்த ஐசிங் சர்க்கரை 200 கிராம், காய்ச்சி ஆறிய பால் 1 மேசைக்கரண்டி, பசை வடிவிலுள்ள உணவுக் கலர் சிறிதளவு.

செய்முறை

1. வெண்ணெயை மட்டும் முதலில் 5 நிமிடம் வெளுக்கும்வரை அடிக்கவும். பிறகு சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பாலை விட்டு மென்மையாக்கவும். அடிக்க வேண்டியதையெல்லாம் கலர் சேர்க்குமுன்பே அடித்துவிட வேண்டும்.

2. இதிலிருந்து 2 மேசைக்கரண்டி ஐசிங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கவும். பல்குச்சி நுனியால் பசைக் கலரை எடுத்து இதில் கலக்கவும். உருகிய நிலையில் காற்றுக் குமிழிகள் அகன்றுவிடுவதால் நிறம் ஆழமாகத் தெரியும்.

3. இக்கலவை நன்றாக ஆறிய பின்னரே மீதி ஐசிங்கில் சேர்த்து, கரண்டியால் மெதுவாகக் கிளறவும். சூடாகச் சேர்த்தால் ஐசிங் முழுவதும் இளகிவிடும்.

4. வேண்டிய நிறத்துக்கு ஒரு படி குறைவாக இருக்கும்போதே நிறுத்திவிடவும். மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்கவும். சாயம் நீர்த்துளிகளில் மெல்லக் கரைந்து பரவுவதால் மறுநாள் நிறம் தானாகவே ஆழ்ந்திருக்கும். வெளியே எடுத்து, இளகியதும் பூ வைக்கலாம். பொறுமையின் பயனை இங்கே கண்ணாரக் காணலாம்.

பொடிக் கலர் மட்டுமே இருந்தால், சில சொட்டு வெந்நீரில் கரைத்துக்கொண்டு சேர்க்கவும். இல்லாவிடில் புள்ளி புள்ளியாக நிற்கும்.

சில நிறங்களுக்குரிய யுக்திகள்

கறுப்பு வேண்டுமானால் வெள்ளை ஐசிங்கில் தொடங்கக் கூடாது. 25 கிராம் சர்க்கரைக்குப் பதிலாக அதே அளவு கோகோத் தூள் சேர்த்துப் பழுப்பாக்கிய பின்னர் கறுப்புக் கலரைச் சேர்த்தால், மிகச் சிறிதே போதும். சிவப்பிலும் ஒரு சிட்டிகை கோகோ சேர்த்தால் நிறம் அழுத்தமாகும். பீட்ரூட் தூள் அழகிய ரோஜா நிறம் தரும். அடுப்பின் சூட்டில் மங்கும் இந்நிறம், சூடுபடாத ஐசிங்கில் நிலைக்கும். சங்குப்பூத் தூள் நீலம் தரும். எலுமிச்சைச் சாறு பட்டால் அது ஊதாவாக மாறிவிடும் என்பதை நினைவில் வைக்கவும். எந்த வண்ணக் கேக்கையும் வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம், நிறம் வெளுத்துப்போகும்.

எச்சரிக்கை

1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் ஊதாச் சாயமொன்றைச் செயற்கையாக உண்டாக்கினார். அதன்பின் பெருகிய சாயங்களில் பல துணிக்கு உரியவை. உணவுக்கு உரியவை மிகச் சிலவே. நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு மட்டுமே. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மாய்சின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின், இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன் என்பன அவை. துணிச்சாயமான ரோடமின்-பி கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆகவே பெயரும், உட்பொருள்களும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சிடப்படாத பொட்டலத்தை வாங்காதீர்கள். அனுமதி பெற்ற கலரும் அளவு மீறினால் கசக்கும், நல்லதும் அன்று.

முடிவாக ஒன்று. நம் தாய்மார்கள் வாசலில் கோலம் முழுவதையும் காவியால் நிரப்புவதில்லை. வெள்ளைக் கோலத்தைச் சுற்றி ஒரு செம்மண் கோடு இடுகிறார்கள்; கோலம் முழுவதுமே பளிச்சென்று எழுகிறது. கேக்கும் அப்படியே. வெள்ளைப் பரப்பில் மூன்று சிவப்பு ரோஜாக்கள் போதும். இவ்வாண்டு தங்கையின் பிறந்தநாளுக்கு அப்படித்தான் செய்தேன். பாட்டி பொட்டலத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பின்பு, முதல் துண்டைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.