ஐப்பசி பிறப்பதற்குள் சோலார் மின்மாற்றியின் ரிலேயைச் சோதியுங்கள்

தென் மாவட்டங்களில் சோலார் நிலையம் நடத்துவோருக்கும், ஆலைக்கென்று சொந்தமாகப் பேனல் போட்டிருப்போருக்கும் இந்தப் புரட்டாசியில் தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் ஒவ்வொரு இன்வெர்ட்டர் மின்மாற்றியின் ஓவர்கரண்ட் ரிலேயையும் சோதித்து, ரிலே உத்தரவிட்டதும் பிரேக்கர் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பேனல் கழுவுவது தாமதமானால் சில யூனிட்தான் குறையும். இது தாமதமானால் மின்மாற்றியே போய்விடலாம்.

கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது 2016-ல். இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் இன்று சிறிதும் பெரிதுமாகப் பல நிலையங்கள் இருக்கின்றன. கடலோரத்தில் கோடைக்குப் பின் மாதக்கணக்கில் வீசிய காற்று உப்பையும் புழுதியையும் புஷ்ஷிங்கிலும் இன்சுலேட்டரிலும் படியவைத்திருக்கும். கனமழை பெய்தால் அது கழுவிப்போகும். பயப்பட வேண்டியது முதல் தூறலுக்குத்தான். உப்புப் படலம் ஈரமானதும் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து பொறி தாவும். ஆகவே முதலில் சப்ளையை நிறுத்தி இன்சுலேட்டர்களைத் துடையுங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள். மழை தொடங்கினால் பல்லியும் பாம்பும் கதகதப்பைத் தேடிப் பேனல் பெட்டிக்குள்தான் ஏறும்.

இனி ரிலே. சோலார் நிலையத்தில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஜெனரேட்டரில் ஷார்ட் ஏற்பட்டால் கரண்ட் பல மடங்கு எகிறும், இன்வெர்ட்டர் அப்படியல்ல. அது தன் முழுக் கரண்டில் 1.1 முதல் 1.5 மடங்குக்கு மேல் தருவதில்லை. மின்மாற்றியில் பழுது வந்தால் அதை எரிக்கும் கரண்ட் கிரிட் பக்கத்திலிருந்துதான் வருகிறது. எனவே காவலும் 33 கேவி பக்கத்துப் பிரேக்கரில்தான் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் தரும் கரண்டை வைத்துப் பழுதைப் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். கிரிட் துண்டானதும் இன்வெர்ட்டரைத் தானே நிற்கவைக்கும் அண்டர்வோல்டேஜ், ஆன்டி-ஐலண்டிங் செட்டிங்குகளை யாராவது தளர்த்தியோ அணைத்தோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2,500 கேவிஏ மின்மாற்றிக்கு 33 கேவி பக்கத்தில் முழுக் கரண்ட் சுமார் 44 ஆம்பியர். இம்பீடன்ஸ் 6.25 சதவீதம் என்றால், எல்.டி. பக்கம் மூன்று பேஸும் ஷார்ட் ஆகும்போது 33 கேவி பக்கத்தில் அதிகபட்சம் 700 ஆம்பியர் ஓடும். மின்மாற்றியைச் சார்ஜ் செய்யும்போது வரும் இன்ரஷ், முழுக் கரண்டில் 8 முதல் 12 மடங்கு; அதாவது 350-லிருந்து 525 ஆம்பியர் வரை. இன்ஸ்டன்டேனியஸ் செட்டிங் இந்த இரண்டுக்கும் மேலே, சுமார் 900 ஆம்பியரில் இருந்தால் எல்.டி. பழுதுக்கும் இன்ரஷுக்கும் வீணாக டிரிப் ஆகாது. 33 கேவி புஷ்ஷிங்கிலோ வைண்டிங்கிலோ ஷார்ட் வந்தால் உடனே திறக்கும். எல்.டி. பழுதை ஐடிஎம்டி பார்த்துக்கொள்ளும். பிக்கப் 50 ஆம்பியர், டைம் மல்டிப்ளையர் 0.1, ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவு என்றால் 700 ஆம்பியரில் கால் நொடியில் இயங்கும். இது மாதிரிக் கணக்குதான். உங்கள் மின்மாற்றியின் நேம்பிளேட்டை வைத்து உங்கள் பொறியாளர் போடுவதே செட்டிங்.

அந்த நேம்பிளேட்டை இப்போதே போய்ப் படியுங்கள். பழுதான மின்மாற்றிக்குப் பதில் வேறொன்றை வைத்திருப்பார்கள். இம்பீடன்ஸ் மாறியிருக்கும், ரிலே மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும். எல்.டி. வைண்டிங் இரண்டோ நான்கோ உள்ள மின்மாற்றி என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரே ஒரு வைண்டிங்கில் பழுது வந்தால் 33 கேவி பக்கம் தெரியும் கரண்ட் மிகக் குறைவு. அதையும் ரிலே பிடிக்குமா என்று தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள்.

பெரும்பாலான இன்வெர்ட்டர் மின்மாற்றிகளில் எல்.டி. நியூட்ரலை எர்த் செய்வதில்லை. அந்தப் பக்கம் ஒரு பேஸ் பூமியைத் தொட்டால் ஓவர்கரண்ட் ரிலேக்கு எதுவுமே தெரியாது. மழைக்காலத்தில் கேபிளில் ஈரம் ஏறி அதிகம் வருவதும் இந்தப் பழுதுதான். இதைக் காட்டிக்கொடுக்கும் இன்சுலேஷன் மானிட்டரின் அலாரத்தை ‘ஈரத்தில் அப்படித்தான் அடிக்கும்’ என்று நிறுத்தி வைக்கும் பழக்கத்தை இந்த ஆண்டோடு விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்துவது டிரிப் பேட்டரியை. ரிலே சரியாக இருக்கும், செட்டிங்கும் சரியாக இருக்கும், பேட்டரி செத்திருக்கும். சார்ஜர் ஓடும்வரை மீட்டர் 110 வோல்ட் காட்டிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஷார்ட் வரும் நொடியில் ஏசி சப்ளை சரிந்து சார்ஜர் நின்றுவிடும். பிரேக்கரைத் திறக்கப் பேட்டரி மட்டுமே மிஞ்சும். எனவே சார்ஜரை அணைத்துவிட்டு, ரிலேக்குள் செகண்டரி இன்ஜெக்‌ஷன் கொடுத்து, பேட்டரியின் பலத்தில் மட்டும் பிரேக்கரைத் திறக்க வையுங்கள். ஒவ்வொரு பிரேக்கருக்கும் இதைச் செய்யுங்கள். புக்ஹோல்ட்ஸ், வெப்பமானி டிரிப்புகளையும் கையோடு பார்த்துவிடலாம். பிரீதரில் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் டிரிப் ஆனால் உடனே சார்ஜ் செய்யாதீர்கள். எது இயங்கியது, எந்த பேஸில், எத்தனை ஆம்பியர் என்று ரிலேயின் பதிவில் இருக்கும். இன்ஸ்டன்டேனியஸ் இயங்கியிருந்தால் பழுது 33 கேவி பக்கத்தில் என்றே கொள்ளுங்கள். மெக்கர் அளவும் புக்ஹோல்ட்ஸில் வாயு இருக்கிறதா என்பதும் தெரியாமல் மறுபடி சப்ளை கொடுத்தால், சரிசெய்யக்கூடிய வைண்டிங்கையும் இழப்பீர்கள்.

இந்தச் சோதனைக்கு உற்பத்தியை நிறுத்த வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெயில் போனதும் கரண்டும் போய்விட்டது என்று ஆட்கள் நினைத்துவிடக் கூடாது. இரவிலும் கிரிட்டிலிருந்து 33 கேவி மின்மாற்றியில் நிற்கும். பிரேக்கரையும் ஐசொலேட்டரையும் திறந்து பூட்டி, இன்வெர்ட்டர் பக்கத்தையும் துண்டித்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரில் உறுதிசெய்து எர்த் போட்ட பிறகே எவரையும் கைவைக்க விடுங்கள்.