எந்த நிறுவனம் என்னைத் தடுக்கிறது?

கேள்வி: வீட்டில் சில ஆண்டுகளாக ஒரு நாஸ் பெட்டி இருக்கிறது. குடும்பப் படங்கள், பழைய பாட்டுகள் எல்லாம் அதில்தான். பழைய லேப்டாப்பில் பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டிருந்தது. இப்போது விண்டோஸ் 11 ப்ரோ உள்ள புது லேப்டாப் வாங்கியிருக்கிறேன். அதில் திறக்கப் போனால், ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது’ என்று ஆங்கிலத்தில் வருகிறது. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவன். எந்த நிறுவனம் என்னைத் தடுக்கிறது? டிவியில் மட்டும் அதே பெட்டியிலிருந்து படம் ஓடுகிறது. டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. டிஸ்க்கில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி. அதிலிருந்து டிவியில் படம் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டிஸ்க், பெட்டி, ரவுட்டர் மூன்றும் வேலை செய்கின்றன. பெட்டி கண்ணில் படாமல் போயிருந்தால் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்ற வேறு செய்தி வந்திருக்கும். அப்போது கேபிளையும் வைஃபையையும் பார்த்திருக்கலாம். உங்களுக்கு வந்திருப்பது மறுப்பு.

மறுப்பது யார் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெட்டி உங்களை வெளியே நிறுத்தவில்லை. உங்கள் லேப்டாப்தான் அதற்குள் போக மறுக்கிறது.

விண்டோஸும் நாஸ் பெட்டியும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் விதிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. தெரியாத பெயரில் ஒருவர் வந்தால் பாஸ்வேர்ட் கேட்காமல் ‘விருந்தினர்’ என்று உள்ளே விடும் வழக்கம் பல பெட்டிகளில் உண்டு. உங்கள் பழைய லேப்டாப் இத்தனை காலம் அப்படித்தான் போய்வந்திருக்கிறது.

2024இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில் இரண்டு கதவுகளை அடைத்தது. ஒன்று, விருந்தினராகப் போவது கூடாது. இரண்டு, எஸ்எம்பி சைனிங் கட்டாயம். அதாவது, அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டிலும் ஒரு கையொப்பம் இருக்க வேண்டும். வழியில் யாராவது மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கையொப்பத்துக்கான சாவி, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும்போது உருவாவது. விருந்தினருக்குப் பாஸ்வேர்ட் இல்லை. எனவே சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை.

அந்த ‘நிறுவனம்’? அலுவலகங்களுக்கான விண்டோஸ் பதிப்புகளில் விருந்தினர் தடை 2017 முதலே உண்டு. செய்தியும் அலுவலகத்தாரை மனத்தில் வைத்து எழுதியதுதான். தடை வீடுவரை வந்தபோது வாசகத்தை யாரும் திருத்தவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் நிறுவனம் என்றால் அது நீங்கள்தான்.

பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்திவிடச் சிலர் சொல்வார்கள். எஸ்எம்பியின் முதல் பதிப்பை மறுபடி இயக்கவும் சொல்வார்கள். இரண்டாவதை ஒருபோதும் செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியது அந்த முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

சரியான வழி எளிது. பிரவுசரில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கென ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள். படங்கள் உள்ள ஃபோல்டரைப் படிக்கவும் எழுதவும் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுங்கள். பெட்டியின் சொந்த மென்பொருளுக்குப் புதுப்பிப்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். எஸ்எம்பிக்குக் குறைந்தபட்சப் பதிப்பு 2 என்று அமையுங்கள்.

பிறகு லேப்டாப்பின் கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ இருக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் இடம் அது. பெட்டியைப் பற்றிய பழைய பதிவுகளை அங்கே நீக்கிவிட்டு, அதன் முகவரி, புதுப் பெயர், பாஸ்வேர்ட் மூன்றையும் சேருங்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான்: லேப்டாப்பைத் திறக்கும் பின் எண்ணையோ மைக்ரோசாஃப்ட் கணக்கையோ போடுகிறார்கள். பெட்டிக்கு அவற்றைத் தெரியாது; அதில் நீங்கள் உருவாக்கிய பெயர்தான் செல்லும். முடித்ததும் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. பழைய இணைப்பு மிச்சமிருந்தால் புதுப் பெயரை ஏற்காமல் அடம்பிடிக்கும்.

எல்லாம் திறந்த பிறகு பெட்டியில் விருந்தினர் அனுமதியை நிறுத்திவிடுங்கள். அன்று மாலை டிவியில் படம் வராமல் போகலாம். வீட்டில் கேள்வி எழுவதற்கு முன், படிக்க மட்டும் அனுமதி உள்ள இன்னொரு பயனரை டிவிக்கென உருவாக்கி வையுங்கள். பெயர், பாஸ்வேர்ட் போட இடமே இல்லாத டிவி என்றால், பெட்டியின் மீடியா சர்வரை, அதாவது படங்களையும் பாட்டையும் டிவிக்கு நேரே அனுப்பும் வசதியை, இயக்கினால் போதும்.