ஆராய்ச்சிச் செலவும் வருமான வரியும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கம் தீவிலும், அதற்கு மேற்கேயுள்ள அந்தநல்லூர் வட்டாரத்திலும் வாழை முக்கியமான பணப் பயிராகும். தார்கள் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வந்து சந்தையில் குவியுங்கால் விலை விழுந்துவிடுகிறது. வாழைப்பழம், நெல்லைப்போலக் குதிரில் காத்திருக்கும் பண்டமன்று. ஆகவே, அதனை மாவாகவும், வற்றலாகவும், சாறாகவும் மாற்றி விற்கும் சிறு தொழில்கள் இப்பகுதிக்கு மிகவும் அவசியம். திருச்சிராப்பள்ளியில் 1993ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதற்கான முறைகளை ஆராய்ந்து, தொழில் தொடங்குவோருக்குப் பயிற்சியும் அளித்து வருகிறது.

எனினும், மையத்தில் கற்ற முறை நம் கொட்டகையில் அப்படியே பலித்துவிடும் என்பதற்கில்லை. எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் உலர்த்துவது என்பதைப் பலமுறை சோதித்தே அறிய வேண்டியிருக்கும். அச்சோதனையில் கெட்டுப்போன பழத்தையும், கொடுத்த கூலியையும் வீண் நஷ்டம் என்றெண்ணிக் கணக்கில் எழுதாமலே விட்டுவிடுவோர் பலர். சட்டம் அவற்றை நஷ்டமாகக் கருதவில்லை. ஆராய்ச்சிச் செலவு என்கிறது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இதற்கென்றே அமைந்ததாகும். அச்சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருமாறு இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இச்சலுகை தொடர்கிறது. விஞ்ஞான ஆராய்ச்சி என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் விவசாயமும், கால்நடை வளர்ப்பும், மீன் வளர்ப்பும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. தம் தொழில் சம்பந்தமான ஆராய்ச்சிக்காக ஒருவர் செய்யும் செலவு முழுவதையும், இயந்திரத்தின் விலை உட்பட, அந்த ஆண்டிலேயே லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். நிலத்தின் விலை மட்டும் சேராது. இதற்கு முன் அனுமதி எதுவும் பெற வேண்டியதில்லை.

கூலியும் மூலப்பொருளும் சாதாரணத் தொழிற் செலவாகவே கழியக்கூடியவை. மெய்யான ஆதாயம் இயந்திரத்தில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம் கொள்வோம். முறையாகக் கணக்கு வைத்துள்ள ஒரு கூட்டு வியாபாரம், சோதனைக்கென்று 1,20,000 ரூபாய்க்கு ஓர் உலர்த்தி வாங்குகிறது. சாதாரணத் தேய்மானம் நூற்றுக்கு 15 வீதமாயின் முதல் ஆண்டில் 18,000 ரூபாயே கழியும். ஆராய்ச்சிச் செலவாயின் முழுத் தொகையும் கழிகிறது. வித்தியாசம் 1,02,000 ரூபாய். கூட்டு வியாபாரத்துக்குரிய வரி நூற்றுக்கு 30 ஆதலால், அவ்வாண்டில் 30,600 ரூபாய் கையில் நிற்கும். பின் வரும் ஆண்டுகளில் அந்த இயந்திரத்துக்குத் தேய்மானம் கிடையாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கையில் முதல் இல்லாத ஆரம்ப ஆண்டில் இத்தொகை சிறிதன்று.

ஒரு ரூபாய் செலவை இரண்டு ரூபாயாகக் கருதும் சலுகையும் ஒரு காலத்தில் இருந்தது. அது மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. 2017 மார்ச் முடிய இரண்டு மடங்காக இருந்தது, பின்னர் ஒன்றரை மடங்காகி, 2020 மார்ச்சுடன் முடிவுற்றது. பழைய துண்டுப் பிரசுரங்களைக் கொண்டு இன்றும் அதனைச் சொல்வோர் உண்டு, நம்ப வேண்டாம்.

தோட்டத்தில் செய்யும் சோதனைக்கு இச்சலுகையால் பயனில்லை. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியே கிடையாதன்றோ! தன் தோட்டத்துப் பழத்தைத் தானே வற்றலாக்கி விற்பவருக்கு, பழத்தின் சந்தை விலையளவு விவசாயக் கணக்கில் நீங்கி, எஞ்சிய லாபத்துக்கே வரி. ஆராய்ச்சிச் செலவு அதில்தான் கழியும்.

மிகச் சிறிய தொழில்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கணக்குப் புத்தகம் வைக்காமல், விற்பனையில் நூற்றுக்கு 8, வங்கி வழி வரவாயின் 6, என்று லாபத்தை உத்தேசமாகக் காட்டும் திட்டத்தை அவர்கள் மேற்கொள்கின்றனர். அதில் எல்லாச் செலவும் கழிந்துவிட்டதாகவே கொள்ளப்படும். ஆராய்ச்சிச் செலவைத் தனியே கேட்க இயலாது. இத்திட்டத்தை இடையில் விட்டவர் ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் அதற்குத் திரும்பவும் முடியாது. ஓர் இயந்திரத்தை உத்தேசித்து அவசரப்பட்டு விலகுவது உசிதமன்று.

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் சிறு கம்பெனிகளுக்கு இத்தகைய சலுகை ஏற்பட்டபோது, நஷ்டத்தில் உள்ள கம்பெனி ரொக்கமாகவே பெறவும் வழி செய்யப்பட்டது. நம் நாட்டில் அவ்வாறில்லை. லாபம் இல்லாத ஆண்டின் ஆராய்ச்சிச் செலவைப் பின் ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லவே இயலும்.

தொழில் தொடங்குவதற்கு முந்திய மூன்றாண்டுகளில் செய்த ஆராய்ச்சிச் செலவும், தொழில் தொடங்கிய ஆண்டின் செலவாகக் கொள்ளப்படும். சம்பளத்துக்கும் மூலப்பொருளுக்கும் உரிய அதிகாரியின் சான்று வேண்டும். ஆகவே ரசீதுகளை அன்றிலிருந்தே பாதுகாத்தல் வேண்டும். சோதனைக்கென்று தனி நோட்டு ஒன்று வைத்து, தேதி, பழத்தின் ரகம், எடை, சூடு, விளைவு ஆகியவற்றை எழுதி வருவது நலம். வழக்கமான உற்பத்தியை ஆராய்ச்சி என்று காட்டினால் வரி அதிகாரி ஏற்கமாட்டார். சோதனை முடிந்து உலர்த்தியை விற்றுவிட்டால், முன்பு கழித்த தொகைக்கு உட்பட்டு, விற்ற பணம் அவ்வாண்டின் வருமானத்தில் சேரும்.